கண்ணுக்குக் கீழே பை: 48 வயதில் என்ன செய்யலாம்?

சித்தூர்ப்புழை
எல்லோருக்கும் வணக்கம். கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வயது 48. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். இரண்டு வருடமாகக் கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் பை மாதிரி தொங்குகிறது. ஸ்டாஃப் ரூமில் நுழைந்தால் "எந்தா டீச்சரே, உறங்ஙியில்லே?" என்று கேட்கிறார்கள். மாமியார் ஒரு படி மேலே போய், "உன்னை யாராவது ஏதாவது சொன்னாங்களா" என்று என் வீட்டுக்காரரைச் சந்தேகமாகப் பார்க்கிறார். நான் நன்றாகத்தான் தூங்குகிறேன்.

பொள்ளாச்சியில் ஒரு பார்லரில் ஊசி போட்டால் கால் மணி நேரத்தில் போய்விடும் என்றார்கள். ஒரு கண்ணுக்கு ஒன்பதாயிரமாம். கேட்கவே பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது. யாராவது இதைச் செய்திருக்கிறீர்களா?

கோபாலபுரம் செக்போஸ்ட்
டீச்சர், எனக்கும் பை உண்டு. ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வந்தால் திங்கட்கிழமை காலையில் பெரிதாக இருக்கும். செவ்வாய்க்கிழமை போய்விடும். உங்களுடையது எப்படி?

சித்தூர்ப்புழை
ஐயோ, கள்ளெல்லாம் கிடையாது. காலையிலும் சாயங்காலமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. காலையில் கொஞ்சம் கூடுதல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தத்தமங்கலம் அத்தை
இளநீர்க் குழம்பு என்று ஆயுர்வேதக் கண் மருந்து இருக்கிறது, அதை விட்டுப் பாருங்கள் கண்ணு. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக விடுவோம். முதல் இரண்டு நிமிடம் மிளகாய் விழுந்த மாதிரி எரியும், அப்புறம் கண் பளிச்சென்று ஆகிவிடும்.

கண்மணி கோவை
கோவையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதித்துப் பார்க்கிற ஆப்டோமெட்ரிஸ்டாக இருக்கிறேன். டாக்டர் அல்ல, அதனால் நான் சொல்வதை டாக்டர் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அத்தை, இளநீர்க் குழம்பு கண்ணுக்குள்ளே விடுவது. பை இருப்பது கண்ணுக்கு வெளியே, இமைக்குள். எத்தனை சொட்டு விட்டாலும் அது அங்கே போய்ச் சேராது.

டீச்சர், "பை" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் நாலைந்து வேறு வேறு சமாச்சாரம் இருக்கிறது. எது என்று தெரியாமல் சிகிச்சையைப் பற்றிப் பேசினால் காசுதான் போகும். வீட்டிலேயே கொஞ்சம் பார்க்கலாம்.

கண்ணாடி முன் நின்று தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். அப்போது பை இன்னும் பிதுங்கினால் அது பெரும்பாலும் கொழுப்பு. கண் உருண்டையைச் சுற்றி மெத்தை மாதிரி கொழுப்பு எல்லோருக்கும் உண்டு. கீழ் இமையில் அது மூன்று பொட்டலமாக இருக்கும். அதை ஒரு மெல்லிய சவ்வு தாங்கிப் பிடித்திருக்கிறது. வயதாக ஆக அந்தச் சவ்வு தளர்ந்து, பழைய தலையணை உறையில் பஞ்சு முன்னால் தள்ளுவது போலக் கொழுப்பு முன்னால் வரும். சிலருக்குப் பரம்பரையாக முப்பதிலேயே வந்துவிடும். உங்கள் அப்பா அம்மாவின் பழைய போட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

காலையில் பெரிதாக இருந்து மத்தியானத்துக்குள் வற்றினால் அது நீர். உப்பு, அப்பளம், ஊறுகாய், கருவாடு, செக்போஸ்ட் அண்ணன் சொன்ன சரக்கு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். அலர்ஜியும் அப்படித்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தூசி பறக்கும் மாதங்களில் கண்ணைக் கசக்கிக் கசக்கி வீங்கி வருகிறவர்களை நிறையப் பார்க்கிறோம்.

மூன்றாவது, பையே இல்லாமல் மூக்கோரத்திலிருந்து கன்னம் வரை ஒரு பள்ளம் விழுந்து, அதன் நிழல் பை மாதிரி தெரிவது. நான்காவது வெறும் கருமை. தோலை லேசாக இழுத்தாலும் கருப்பு அப்படியே இருந்தால் அது நிறம்தான். இன்னொன்றும் உண்டு. வீக்கம் இமையைத் தாண்டி, எலும்பு விளிம்புக்குக் கீழே கன்னத்து மேட்டில் இருக்கும். அது தனிச் சாதி. கீழ் இமை ஆபரேஷன் செய்தாலும் அது போகாது. செய்துகொண்டு ஏமாந்தவர்கள் உண்டு.

நம் ஊர்த் தோலுக்குப் பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்று கலந்தே வரும்.

சித்தூர்ப்புழை
செய்து பார்த்தேன். மேலே பார்த்தால் நன்றாகப் பிதுங்குகிறது! அப்பாவின் ரிட்டயர்மெண்ட் போட்டோவையும் தேடி எடுத்தேன். அதே பை. இத்தனை வருடம் அவர் மூக்கு மட்டும்தான் எனக்கு வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாளையார் லாரிக்காரன்
நான் ஆபரேஷன் செய்துகொண்டவன். ஆம்பளைக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

52 வயதில் செய்தேன். காரணம் அழகு இல்லை. லோடு பேசப் போகிற இடத்தில் எல்லாம் "என்ன அண்ணே, ராத்திரி சரக்கா" என்று கேட்டார்கள். நான் டீ கூடக் குடிக்காதவன். பேங்க்கில் லோன் பேசும்போது மேனேஜர் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இதில் இரண்டு வழி உண்டு என்றார் டாக்டர். இமையின் உள்பக்கமாகக் கீறிக் கொழுப்பை எடுப்பது ஒன்று. வெளியே தழும்பு தெரியாது. இமை முடிக்குக் கீழே கோடு போல வெளியே கீறி, கொழுப்போடு தொங்கும் தோலையும் கொஞ்சம் வெட்டித் தைப்பது இன்னொன்று. எனக்குத் தோல் அதிகம் தொங்கவில்லை, அதனால் உள்பக்கமாகவே செய்தார். கொழுப்பை முழுவதும் எடுக்கவில்லை. கொஞ்சம் எடுத்துவிட்டு, மீதியைக் கீழே உள்ள பள்ளத்தில் இழுத்துப் பரப்பி வைத்தார். "எல்லாவற்றையும் வழித்து எடுத்தால் பத்து வருடம் கழித்து மண்டை ஓடு மாதிரி குழி விழும்" என்றார். அந்தக் காலத்தில் அப்படித்தான் வழித்து எடுத்தார்களாம்.

மரக்க ஊசி போட்டு, தூக்கத்துக்கும் லேசாக ஏதோ கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம். வலி என்று பெரிதாக இல்லை. முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், இரண்டு தலையணை வைத்துத் தலை உயரமாகப் படுப்பது. குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது. நான் மூன்றாம் நாள் டயர் மாற்றப் போய் வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

முகம் எப்படி இருந்தது என்றால், யாரோ இரண்டு கண்ணிலும் குத்துவிட்ட மாதிரி. ஊதா, அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள். பத்து நாளைக்கு வெயில் கண்ணாடி போட்டுத் திரிந்தேன். இரண்டு வாரத்தில் வெளியே போகலாம் என்ற நிலை. உள் வீக்கம் முழுதும் வற்றி உண்மையான முகம் தெரிய மூன்று மாதம் ஆனது.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. பை இல்லை. கருமை அப்படியே இருக்கிறது, அது போகாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். கண் கொஞ்சம் வறட்சி. ராத்திரி வண்டி ஓட்டும்போது சொட்டு மருந்து கையில் வைத்துக்கொள்கிறேன்.

மருந்துக்கடைக்காரர்
லாரிக்கார அண்ணா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா அப்போது?

வாளையார் லாரிக்காரன்
ஆமாம், எக்கோஸ்ப்ரின். இதய டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். அவர் சரி என்ற பிறகுதான் நிறுத்தினேன். மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ கூட வேண்டாம் என்றார்கள். சுகரும் பார்த்தார்கள்.

கண்மணி கோவை
இதை எல்லோரும் கவனியுங்கள். அந்த மாத்திரையை யாரும் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்தலாமா என்று சொல்ல வேண்டியவர் அதை எழுதிக் கொடுத்த டாக்டர். ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்கினால் பார்வையே போகலாம். மிக அபூர்வம்தான். ஆனாலும் திடீரென்று கடுமையான வலி, கண் பிதுங்கல், பார்வை மங்கல் என்று வந்தால் நடு ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அண்ணனுக்கு வந்த வறட்சி அடிக்கடி வருவதுதான். அதைவிடத் தொல்லை, இமை கீழே இழுபட்டு வெளிப்பக்கம் திரும்பிக்கொள்வது. ஏற்கெனவே இமை தளர்ந்தவர்களுக்கு அது நேரலாம். கீழ் இமையைக் கீழே இழுத்து விட்டால் ரப்பர் மாதிரி பட்டென்று கண்ணில் ஒட்ட வேண்டும். மெதுவாகத் திரும்பினால் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அவர்களுக்கு ஓரத்தில் ஒரு தையல் போட்டு இமையை இறுக்கித்தான் ஆபரேஷன் செய்வார்கள். இதைப் பார்க்காமல் தேதி கொடுக்கிற இடத்தில் நிற்காதீர்கள்.

பொள்ளாச்சிப் பொண்ணு
பார்லர் ஊசி என்றதும் பதறி அக்கவுண்ட் திறந்து வந்திருக்கிறேன் அக்கா.

எனக்கு 41. போன வருடம் ஒரு இடத்தில் ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்புகிற ஊசி, போட்டுக்கொண்டேன். ஊர், பெயர் எல்லாம் வேண்டாம். போர்டில் "கிளினிக்" என்று இருந்தது, போட்டவர் வெள்ளை கோட் போட்டிருந்தார், டாக்டரா என்று நான் கேட்கவில்லை. முதல் வாரம் பிரமாதம். கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. மூன்றாவது மாதம் கண்ணுக்குக் கீழே புழு நெளிகிற மாதிரி தடிப்பு. ட்யூப் லைட்டில் பார்த்தால் நீலமாகத் தெரிந்தது. காலையில் எழுந்தால் முன்பு இருந்ததைவிட வீக்கம். போட்டவரிடம் போனால் "மசாஜ் பண்ணுங்க மேடம், செட் ஆயிடும்" என்றார். கடைசியில் கோவையில் ஒரு தோல் டாக்டரிடம் போய், அதைக் கரைக்கிற ஊசி போட்டு எடுத்தேன். போட்ட செலவு, எடுத்த செலவு, அழுத அழுகை.

கண்மணி கோவை
நீலமாகத் தெரிவது ஃபில்லரைத் தோலுக்கு மிக அருகில் போட்டதால் வருவது. கீழ் இமைத் தோல் உடம்பிலேயே மெல்லிய தோல்களில் ஒன்று, ஒரு மில்லிமீட்டர் கூடத் தேறாது. உள்ளே எதை வைத்தாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

இங்கே போடுவது பெரும்பாலும் ஹையலூரானிக் ஆசிட் என்ற ஜெல். அதற்குத் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் குணம் உண்டு. ஏற்கெனவே காலையில் வீங்குகிறவர்களுக்கு அதனால் இன்னும் வீங்கும். அதோடு, ஃபில்லர் பையைக் குறைக்காது. பைக்குக் கீழே உள்ள பள்ளத்தை நிரப்பி, மேடு பள்ளம் தெரியாமல் சமன் செய்யும், அவ்வளவுதான். பள்ளம் மட்டும் உள்ளவருக்கு, கை தெரிந்த டாக்டர் போட்டால் நன்றாகவே இருக்கும். டீச்சர் மாதிரி கொழுப்பு பிதுங்கியவர்களுக்கு அதன் மேல் இன்னும் கொட்டினால் முகம் உப்பித்தான் தெரியும்.

பயப்பட வேண்டிய விஷயமும் ஒன்று உண்டு. கண்ணைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களுக்கும் விழித்திரைக்குப் போகும் குழாய்க்கும் தொடர்பு இருக்கிறது. ஜெல் தவறிக் குழாய்க்குள் போய் அடைத்துப் பார்வை போனவர்கள் உலகம் முழுக்க உண்டு. அபூர்வம், ஆனால் போனால் பெரும்பாலும் திரும்புவதில்லை. அதனால் பார்லரில் வேண்டவே வேண்டாம். போடுகிறவர் மெடிக்கல் கவுன்சிலில் பதிந்த டாக்டரா, கரைக்கிற மருந்து அதே அறையில் இருக்கிறதா, இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும்.

கோபாலபுரம் செக்போஸ்ட்
போடாக்ஸ் என்கிறார்களே, அது?

கண்மணி கோவை
அது தசையைத் தளர்த்துவது. சிரிக்கும்போது கண்ணோரம் விழும் கோடுகளுக்குச் சரி. பைக்கு ஆகாது. கீழ் இமைத் தசையைத் தளர்த்தினால் தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் பை இன்னும் முன்னால் வரலாம். தாடைக்கொழுப்பைக் கரைக்கிற ஊசி என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 2015இல் தாடைக்குக் கீழே போட மட்டும்தான் அனுமதித்தார்கள். அதைக் கண்ணுக்குக் கீழே போடுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். லேசர் தோலைக் கொஞ்சம் இறுக்கும், ஆனால் நம் நிறத்துக்குச் சூடு பட்ட இடம் கருத்துப் போகிற ஆபத்து அதிகம்.

சித்தூர்ப்புழை
கிரீம் எதுவுமே வேலை செய்யாதா? நான் இப்போது ஒன்று போடுகிறேன். நாத்தனார் கொடுத்தது. கருமைக்கு நல்லது என்றார். உண்மையிலேயே நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

மருந்துக்கடைக்காரர்
டீச்சர், டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது?

சித்தூர்ப்புழை
தமிழோ மலையாளமோ இல்லை. ஏதோ வெளிநாட்டு எழுத்து. தயாரித்தவர் முகவரி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் ஒன்றும் காணோம்.

மருந்துக்கடைக்காரர்
இன்றோடு நிறுத்துங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

நம் கேரளத்திலேயே நடந்த கதை. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 நடுவிலிருந்து 2023 வரை சிறுநீரகத்தில் புரதம் கசியும் ஒரு வியாதியோடு 22 பேர் வந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கிற கிரீம் போட்டவர்கள். கிரீமில் இருந்தது பாதரசம். 2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை "ஆபரேஷன் சௌந்தர்யா" என்று பெயர் வைத்துக் கடை கடையாக ஏறி இப்படிப்பட்ட சரக்கைப் பிடித்தது.

ஏன் இந்த இழையில் இதைச் சொல்கிறேன் என்றால், புரதம் அப்படிக் கசியும்போது முதலில் வீங்குவது பல சமயம் கண்ணைச் சுற்றித்தான், அதுவும் காலையில். வீக்கத்தை மறைக்கக் கிரீம் போட்டு, கிரீமினாலேயே வீங்குகிற கூத்து! உங்களுக்கு அப்படி என்று சொல்லவில்லை, அப்பா போட்டோ இருக்கிறதே. ஆனாலும் யூரினில் ஆல்புமின் என்ற புரதம், ரத்தத்தில் சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். எந்த லேபிலும் முடியும்.

வெளுக்கிற கிரீமில் ஸ்டீராய்டு கலந்தும் வருகிறது. கண்ணருகே மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியலாம், கண் அழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம்.

வேலை செய்கிற கிரீம் என்றால், காபியில் இருக்கிற கஃபீன் போட்டது சில மணி நேரம் நீரைக் குறைக்கும். ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகையை மாதக்கணக்கில் போட்டால் சுருக்கம் கொஞ்சம் குறையும், கண்ணருகே எரிச்சலும் தரும். கொழுப்புப் பையைக் கரைக்கிற கிரீம் ஒன்றுகூட என் கடையில் இல்லை, வேறு எந்தக் கடையிலும் இல்லை. விளம்பரத்தில் ஒரு நிமிடத்தில் பை மறைகிறதே, அது தோல் மேல் பசை மாதிரி காய்ந்து இறுக்கிப் பிடிப்பது. சிரித்தால் வெடிக்கும், முகம் கழுவினால் பை திரும்பி வரும்.

தத்தமங்கலம் அத்தை
தைராய்டு என்றதும் சொல்ல வேண்டும். எங்கள் சித்தி மகளுக்கு இப்படித்தான் கண் வீங்கியது, கூடவே கண் முழித்த மாதிரி ஆகிவிட்டது. வயசு என்றே நினைத்தோம். தைராய்டு.

கண்மணி கோவை
மிகச் சரி அத்தை. தைராய்டில் கண் பெரிதாகத் தெரிவது, இரண்டாகத் தெரிவது, மேல் இமை மேலே ஏறிப்போவது இருந்தால் அழகு டாக்டரிடம் போகவே கூடாது, கண் டாக்டரிடம்தான். அது அடங்கி, மாதக்கணக்கில் மாறாமல் இருந்த பிறகுதான் இமையில் கை வைப்பார்கள்.

எங்கே போவது என்று தனியாகச் செய்தி அனுப்பியவர்களுக்கு: இமைக்கென்று தனியாகப் படித்த கண் டாக்டர்கள் இருக்கிறார்கள். கோவை அரவிந்தில் அதற்குத் தனிப் பிரிவே உண்டு. பிளாஸ்டிக் சர்ஜன்களும் செய்வார்கள். யாரானாலும், கீழ் இமை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

வாளையார் லாரிக்காரன்
பணம் பற்றி யாரும் கேட்கவில்லையே! எனக்கு எண்பதாயிரம் என்றார்கள், அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். வைத்தியத்துக்கு எதற்கு ஜிஎஸ்டி என்று சண்டை போட்டேன். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு விலக்கு கிடையாதாம், விபத்து, பிறவிக் குறை என்றால்தான் உண்டாம். இன்சூரன்ஸும் கையை விரித்துவிட்டது.

சித்தூர்ப்புழை
பத்து நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், பரீட்சைப் பேப்பர்.

தைராய்டு சரி, ஆல்புமின் இல்லை, கிரியாட்டினினும் சரி. கோவைக்கும் போய் வந்தேன். நீங்கள் சொன்ன அதே இழுத்து விடுகிற சோதனையை டாக்டர் செய்தார். கொழுப்புப் பைதான், இமை லேசாகத் தளர்ந்திருக்கிறது, செய்தால் ஓரத்தையும் இறுக்கித்தான் செய்ய வேண்டும் என்றார். "அவசரமில்லை, உங்களுக்கு வேண்டும் என்று தோன்றினால் செய்யலாம், செய்யாவிட்டாலும் கண்ணுக்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் செய்துவிட்டு, மஞ்சள் கண்ணோடு பத்திரிகை வைக்கப் போக என்னால் முடியாது. ஏப்ரல், மே விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

மேக்கப் போடுகிற பெண்ணிடம் கேட்டேன். கருமைக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒன்று தடவி மறைக்கலாமாம், பையை மறைக்க முடியாதாம், அது நிழல் என்பதால். வீடியோக்காரரிடம் தலைக்கு மேலிருந்து லைட் அடிக்காமல் நேராக அடிக்கச் சொல்லுங்கள் என்றாள். இத்தனை பேரில் செலவில்லாத யோசனை அவளுடையதுதான்.

பொள்ளாச்சிப் பொண்ணு
நல்ல முடிவு அக்கா. கல்யாணத்துக்குக் கூப்பிடுவீர்களா?

சித்தூர்ப்புழை
கண்டிப்பாக வர வேண்டும்.

இன்னொரு விஷயம். நான் டெஸ்ட் கொடுத்ததைப் பார்த்து, கிரீம் கொடுத்த நாத்தனாரையும் வலுக்கட்டாயமாகக் கூட்டிப் போனேன். நான் நான்கு மாதம்தான் போட்டேன், அவர் மூன்று வருடமாகப் போடுகிறார். அவருக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு பையும் கிடையாது, முகம் அப்படிப் பளபளக்கும். கால் மட்டும் சாயங்காலம் வீங்கும், நின்று சமைப்பதால் என்று விட்டுவிட்டார். நேற்று ரிசல்ட் வந்தது. ஆல்புமின் மூன்று பிளஸ், அதாவது புரதம் நிறையக் கசிகிறது. வீட்டில் யாருக்கும் பேச்சே வரவில்லை.

மருந்துக்கடைக்காரர்
உடனே சிறுநீரக டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப் போடாதீர்கள். கோட்டக்கல்லில் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிரீமை நிறுத்திய பிறகு குறைந்திருக்கிறது. டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டீர்களா?

சித்தூர்ப்புழை
என்னுடையதை அன்றைக்கே போட்டுவிட்டேன். அவருடையது பாதி இருக்கிறது.

மருந்துக்கடைக்காரர்
அதை ஒரு கவரில் போட்டு மூடி, டாக்டரிடம் கையோடு எடுத்துப் போங்கள். வாங்கிய கடையின் பெயரை அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள், இங்கே போட வேண்டாம். திருச்சூரில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், தனிச் செய்தியில் நம்பர் அனுப்புகிறேன்.